உப்பு யார் போட்டது?

அத்தியாயம் 19

“நான் போயிட்டா உப்பு யாருடி பாப்பா?”

“நானே பாத்துக்கறன்.”

“நீயா?” மணியம்மாள் சத்தமில்லாமல் சிரித்தாள். “தேவி, நாலு வருஷமா உனக்கு நாக்கே நான்தான்டி. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

“இன்னா தெரியும் உனக்கு?”

“கிருமாம்பாக்கம் கல்யாணத்துல பாயசத்துக்குச் சக்கரைன்னு தூள் உப்ப அள்ளிக் கொட்டினாங்களே, ஞாபகம் இருக்கா? நீ ஒரு டம்ளர் முழுசாக் குடிச்சிட்டு ‘நல்லாருக்கு, எறக்கு’ன்ன. நான்தான் கால் தட்டிக் கவுந்துடுச்சுன்னு சொல்லி மொத்தத்தையும் கீழ சாச்சன். உங்க வூட்டுக்காரர்கிட்ட அன்னிக்கு நான் வாங்குன திட்டு இருக்குதே, அப்பா!”

சேலியமேடு பேருந்து நிறுத்தத்தில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. இருந்தும் தேவி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“இனிமேலாவது யார்கிட்டயாவது வாயத் தொறந்து சொல்லிடு.”

“யார்கிட்ட? அந்த லில்லிகிட்டயா? அதுக்கு என் நாக்க நானே அறுத்துப்பன்.”

“அறுத்தா மட்டும் இன்னாடி மாறிடப் போவுது?” என்றாள் மணியம்மாள்.

அதற்குள் பேருந்து வந்துவிட்டது.

இந்தப் பேச்சு நடந்து எட்டு நாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, டாட்டா ஏஸ் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து பாகூரை நோக்கிப் போகும்போதும் தேவிக்கு அதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை ஓட்டியவன் கொழுந்தன் சார்லஸ். அந்தப் பக்கக் கதவோரமாக, ஜன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவன் மனைவி லில்லி. ஓரகத்திகள் இருவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. அந்த ஒரு சாணில் யார் கையும் படவில்லை.

“அண்ணி, இன்னிக்கு ஒரு நாளாவது…” என்று ஆரம்பித்தான் சார்லஸ்.

“ரோட்டப் பாத்து ஓட்டுடா.”

“இல்ல அண்ணி, பெரிய எடம்…”

“அவங்க சொல்றாங்க இல்ல? ரோட்டப் பாருங்க,” என்றாள் லில்லி. இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அன்றைக்கு அதுதான்.

தேவியின் சமையல் கோஷ்டி உண்டாகி ஒன்பது வருடம். முதலில் நான்கே பெண்கள். முதல் வருடம் முழுக்கச் சண்டை. யார் கிண்டுவது, யார் தண்ணீர் சுமப்பது, யார் வெங்காயம் உரித்துக் கண் எரிவது என்று ஒவ்வொரு விசேஷத்திலும் ஒருத்தி அழுதுகொண்டு வீட்டுக்குப் போவாள். மூன்றாம் வருடத்தில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்றானது. தேவி தலையைத் திருப்பினால் போதும், தண்ணீர் வந்து நிற்கும். உப்பு எப்போதும் தேவியின் கை. போட்டு முடித்ததும் நீளக் கரண்டியைத் தேக்சா அண்டாவின் வாய்மேல் குறுக்கே வைத்துவிடுவாள். கரண்டி குறுக்கே கிடந்தால் உப்பு விழுந்தாயிற்று, இனி யாரும் தொடக்கூடாது என்று பொருள். யாரும் எழுதி வைக்காத சட்டம் அது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் லில்லி வந்தாள். கடற்கரையோரப் பிள்ளைச்சாவடிப் பெண். கேட்டரிங் படித்துவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தவள். அங்கே காய்கறி இறக்கப்போன சார்லஸ் அவளையும் சேர்த்துப் பார்த்துவிட்டான். வீட்டில் எல்லோரும் குதித்தபோது, “புடிச்ச பொண்ணக் கட்டி வைங்க. நாளைக்கு நாமளா வாழப் போறோம்?” என்று முதலில் சொன்னவள் தேவிதான். அந்த நன்றி இரண்டு பக்கமும் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியாது.

போன வாரம் மணியம்மாள் குழம்பை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்துவிட்டு அதே கையால் கரண்டியைத் தொட்டாள். லில்லி விருந்தாளிகள் முன்னால் கத்திவிட்டாள். “இப்படி எச்சில் பண்ணினா எவன் சாப்பிடுவான்? அறிவு வேணாம்?” ஒன்பது வருடம் கூட இருந்தவள் இடுப்புத் துண்டை அவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று சாயந்திரம் தேவியின் கணவர் அருள்தாஸ் இரண்டு பேரையும் உட்கார வைத்து ஒரு முடிவு கட்டினார். சாமான் அளவும் பட்டியலும் லில்லி பொறுப்பு. இனி அவளும் தேக்சாப் பக்கம் நிற்கலாம். ருசி பார்ப்பது தேவி மட்டும், தனி ஸ்பூனில்.

“அக்காவத் தவிர வேற யாரும் வாய் வெக்கக் கூடாது. நான்கூட வெக்க மாட்டேன்,” என்று லில்லியே சொன்னாள்.

லில்லி ஒரு படி இறங்கி வந்துவிட்டாள் என்று எல்லோருக்கும் சந்தோஷம். தேவி மட்டும் அதில் சேரவில்லை. மணியம்மாள் போனாலும், அவளிடம் சொன்னதுபோலவே இன்னொருத்தியைக் கூப்பிட்டு, “உப்பு பாருடி,” என்று அதிகாரமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். அந்த வழியும் அடைந்துவிட்டது.

கொரோனாவின் இரண்டாவது அலையில் போனது அவள் ருசி. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதத்தில் திரும்பிவிடும் என்றார்கள். வாசனை அரைகுறையாய்த் திரும்பியது, தீய்ந்தால் தெரியும். நாக்கு மட்டும் திரும்பவில்லை. மிளகாய் எரியும், சூடு சுடும். உப்பும் புளியும் சர்க்கரையும் அவளுக்கு ஒரே ஈரத் துணிதான். கட்டின புருஷனிடம்கூட அவள் சொல்லவில்லை. நாக்கில்லாதவள் தலைமைச் சமையல்காரி என்றால் ஊர் சிரிக்கும். கோஷ்டி அன்றைக்கே லில்லி கைக்குப் போய்விடும். ‘எனக்காக நீ ருசி பாரேன்’ என்று யாரிடமாவது கேட்டுவிட மாட்டோமா என்று நான்கு வருடமாக அந்த வார்த்தையைத் தொண்டையிலேயே வைத்திருந்தாள்.

வண்டி ஏரிக்கரையைத் தாண்டி ஊருக்குள் திரும்பியது.

சாமிநாதன் வீடு. கரும்பும் நெல்லும் போடுகிற பெரிய குடும்பம். அந்த வயல்களில் அருள்தாஸின் தாயும் தகப்பனும் நாற்றுப் பிடுங்கி நட்டவர்கள். களம் வரைக்கும்தான் வந்திருக்கிறார்கள். அந்த வீட்டு விசேஷத்தில் அவர்கள் குடும்பத்தார் அடுப்பு மூட்டுவது இதுதான் முதல் தடவை. சாமிநாதனின் மகன் அரிகரன் எங்கேயோ ஒரு கல்யாணத்தில் தேவியின் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, தன் பிள்ளையின் காதுகுத்துக்கு இவர்கள்தான் சமைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றுவிட்டான்.

பின்கட்டுத் தென்னந்தோப்பில் அருள்தாஸ் முன்னமே வந்து செங்கல் அடுப்பு கட்டி விறகு அடுக்கியிருந்தார். இருநூறு பேருக்கு இருபது கிலோ சீரகச்சம்பா. பதினொன்றரை மணிக்குத் தேக்சாவில் கறி வெந்து மேலே எண்ணெய் மிதந்தது. தண்ணீர் அளந்து ஊற்றியாகிவிட்டது. இனி உப்பு, கொதி, அரிசி, தம்.

லில்லி தன் பட்டியலை வண்டிக் கதவில் டேப் போட்டு ஒட்டியிருந்தாள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் செய்தவர் அதில் டிக் போட வேண்டும். ‘கறி’க்கு டிக் இருந்தது. ‘தண்ணீர்’க்கு இருந்தது. ‘உப்பு – ஒன்றேகால் கிலோ’வுக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. தேவி காலையிலிருந்து அந்தக் கதவுப் பக்கமே திரும்பவில்லை.

கல்லுப்புப் பையைப் பிரித்து இடுப்பில் அணைத்துக்கொண்டாள். அவளுக்குக் கிலோ கிடையாது. பிடிக் கணக்குத்தான். இருபது கிலோ அரிசிக்கு இருபது பிடி. ஒன்று, இரண்டு என்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே போட ஆரம்பித்தாள்.

ஒரு பக்கம் கோஷ்டிப் பெண்கள் பச்சடிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்கள். பத்தடி தள்ளி மோட்டார்த் தொட்டியில் லில்லி முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“அரிசி இன்னும் பத்து நிமிஷம் ஊறணும். அலாரம் வெச்சிருக்கன். அதுக்கு முன்னாடி யாரும் அவசரப்பட வேணாம்,” என்றாள், தென்னை மரத்தைப் பார்த்து.

“அரிசிக்கு அலாரம் வெக்கற கூத்த இங்கதான் பாக்கறன்,” என்றாள் தேவி, தேக்சாவைப் பார்த்து. ஒன்பது. பத்து.

“சிரிங்க. போன மாசம் குருவிநத்தத்துல அரிசி கொழஞ்சு கஞ்சியாச்சே, அப்பயும் நீங்க சிரிச்சிருக்கலாம்.”

“அது வெறகு ஈரம்.”

“எப்பவும் வெறகு ஈரம்தான். இல்லன்னா எண்ண சரியில்ல. உங்க கைதான் தப்பே பண்ணாதே.”

பதினொன்று. பன்னிரண்டு. “கடக்கரையில கத்திக் கத்திப் பழகின வாய் உனக்கு. தோப்புல வந்து கத்தாத.”

தொட்டியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. “எங்கம்மா மீன் கூடையத் தலையில வெச்சித் தெருத்தெருவாக் கத்தித்தான் என்னப் படிக்க வெச்சாங்க. அந்த வாய்தான். ஆறு மாசம் என்ன தேக்சா கழுவ வெச்சீங்களே, அப்பக்கூட நான் கத்தல. கத்தியிருக்கணும்.”

“கழுவினா இன்னாடி? நான் கழுவலியா? நான் ரெண்டு வருஷம் கழுவினன்!”

“அதுக்கு என்ன ஏன் பழி வாங்கறீங்க?”

அருள்தாஸ் விறகைத் தள்ளிக்கொண்டே, “ஏம்மா, வெளிய மொய்க் கும்பல் நிக்குது. மெதுவாப் பேசக் கூடாதா?” என்றார். அவரை இரண்டு பேரும் பொருட்படுத்தவில்லை.

தேவியின் கை பாதி வழியில் நின்றது. பிடியில் உப்பு. இது எத்தனையாவது? பதினாலா? பதினாறா? ‘தேக்சா கழுவ வெச்சீங்களே’ என்றபோது ஒன்று போட்டாள். அப்புறம் ‘ரெண்டு வருஷம்’ என்று கத்தினபோதும் கை தானாகப் போட்டிருக்கும். ஒன்பது வருடத்தில் அவளுக்கு எண்ணிக்கை தவறியதில்லை.

“ஏம்மா, இங்க வா!”

கொல்லை வாசற்படியில் சாமிநாதனின் மனைவி கஸ்தூரி நின்றிருந்தாள். பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, முகத்தில் மட்டும் விசேஷக் களை இல்லை.

கையிலிருந்த பிடியையும் போட்டுவிட்டு, பழக்கம் விடாமல் கரண்டியைத் தேக்சாவின்மேல் குறுக்கே வைத்துவிட்டு, தேவி போனாள்.

“இந்தாம்மா, எங்க மாமியார் வழி ஆளுங்க நாப்பது பேரு. அவங்களுக்கு உள்ள தனியா எங்க ஆளு சமைக்குது. அத யாரும் கேக்கக் கூடாது, நீங்களும் தப்பா நெனைக்கக் கூடாது.”

“நாங்க இன்னாம்மா நெனைக்கப் போறோம்?”

“எனக்கு இதுல இஷ்டமே இல்ல. என் பையன் புடிவாதம். ‘அவங்க கைப் பக்குவம் மாதிரி வராது’ன்னான். இன்னிக்கு ஒண்ணு கூடக் கொறைய ஆனா, உங்கள யாரும் கேக்க மாட்டாங்க. அவனத்தான் கேப்பாங்க. ‘யார வெச்சிச் சமைக்கச் சொன்ன, பாரு’ன்னு. புரியுதா?”

“புரியுதும்மா.”

“என்ன புரிஞ்சுதோ,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

தேவி திரும்பி வந்தபோது கரண்டி தேக்சாவின்மேல் இல்லை. லில்லியின் கையில் இருந்தது. அவள் அதைக்கொண்டு அடிவரை கலக்கிக்கொண்டிருந்தாள். கீழே, வெட்டிப் பிரித்த இரண்டு உப்புப் பாக்கெட்டுகள் கிடந்தன.

“கரண்டிய யாரு எடுத்தது?”

“நான்தான்.”

“எதுக்கு எடுத்த?”

“கலக்க. உப்பு அடியில நிக்கக் கூடாதில்ல?”

“எந்த உப்பு?”

லில்லி முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள். “லிஸ்ட்ல டிக் இல்ல. நீங்க பாட்டுக்கு அந்தம்மா பின்னாடி போயிட்டீங்க. தண்ணி கொதி வந்துடுச்சு. ஒண்ணேகால் கிலோ நிறுத்துப் போட்டுட்டேன்.”

“நான் போட்டனே! கரண்டி குறுக்க இருந்துச்சே, கண்ணு தெரியலியா உனக்கு?”

“கரண்டி குறுக்க இருந்தா?”

“குறுக்க இருந்தா உப்பு போட்டாச்சுன்னு அர்த்தம்! இந்த கோஷ்டியில சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்!”

“எனக்குத் தெரியாது!” லில்லியின் குரல் உடைந்து ஏறியது. “ரெண்டு வருஷமா இருக்கேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொன்னீங்களா எனக்கு? வெங்காயம் அரிஞ்சிட்டிருந்த இவங்க யாரும் இப்பகூடச் சொல்லல, நான் உப்பக் கொட்டறப்ப பாத்துட்டுத்தான இருந்தாங்க?”

வெங்காயப் பலகையில் இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். உண்மைதான். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். லில்லிக்கு எதையும் எடுத்துச் சொல்வதில்லை என்று அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. மணியம்மாள் போனபிறகு அது இன்னும் இறுகிவிட்டது. லில்லி வந்த புதிதில், “அவளே பாத்துக் கத்துக்கட்டும். படிச்சவதான?” என்று சொல்லி அதை ஆரம்பித்து வைத்தவளே தேவி.

“கண்ணத் தொறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்,” என்றாள் இப்போதும்.

“நீங்க கதவத் திரும்பிப் பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும். ஒரு டிக். ஒரே ஒரு டிக் போட உங்களுக்குக் கை வலிக்குது.”

“சரி, சரி,” என்று நடுவில் வந்தார் அருள்தாஸ். “ஆனது ஆச்சு. தேவி, நீ எவ்ளோ போட்ட?”

“தெரியல. இவ கத்தின கத்துல எண்ணிக்க வுட்டுப்போச்சு. பதினஞ்சு… பதினெட்டு பிடி இருக்கும்.”

“அப்ப கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு,” என்றான் சார்லஸ் மெதுவாக.

“தண்ணிய மொண்டு எடுத்துட்டு வெந்நி ஊத்தலாம்,” என்றார் அருள்தாஸ். “எவ்ளோ மொள்றது, எவ்ளோ ஊத்தறதுங்கறதுதான் கணக்கு. அது நாக்குச் சொல்லிடும். சீக்கிரம் பாரு தேவி. அரிசி ஊறிடுச்சு, இதுக்கு மேல வெச்சா நொய்யா ஒடஞ்சிடும். கறியும் கரைஞ்சிடும்.”

லில்லி தன் பையிலிருந்து ஒரு சுத்தமான எவர்சில்வர் ஸ்பூனை எடுத்துத் தட்டில் வைத்தாள். அதைத் தேவியின் பக்கம் தள்ளினாள்.

“பாருங்க. அது உங்க வேலை. நான் வாய் வெக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன், வெக்க மாட்டேன்.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவி ஸ்பூனை எடுத்துக் குழம்புத் தண்ணீரை மொண்டு, ஊதி, வாயில் விட்டாள். சுட்டது. தொண்டையில் மிளகாய் எரிந்தது. அவ்வளவுதான். கடல் தண்ணீரைக் கொடுத்திருந்தாலும், குளத்துத் தண்ணீரைக் கொடுத்திருந்தாலும் அதே சூடுதான், அதே எரிச்சல்தான். இன்னொரு ஸ்பூன் மொண்டு நாக்கின் ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். நான்கு வருடமாக ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு கல் உப்பை நாக்கில் வைத்துப் பார்ப்பவள்தான் அவள். இன்றைக்காவது, இந்த ஒரு தடவையாவது என்று நெஞ்சுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள். ஒன்றும் வரவில்லை.

“எப்டி இருக்கு?” என்றார் அருள்தாஸ்.

“ரெண்டு குடம் மொண்டுட்டு ரெண்டு குடம் வெந்நி ஊத்துங்க,” என்றாள். ஏதோ ஒரு எண்.

மொண்டார்கள். ஊற்றினார்கள். அடுப்பில் விறகைக் கூட்டினார்கள். மறுபடி கொதி வந்தது. லில்லி அடுத்த ஸ்பூனைத் தட்டில் வைத்தாள். தேவி மறுபடி மொண்டு வாயில் விட்டாள்.

“இப்ப?”

“சரியா இருக்கு.”

லில்லியின் புருவம் சுருங்கியது. “சரியாவா? மசாலா தண்ணியாயிருக்குமே. உப்பும் பாதியாயிருக்குமே. அரிசி போடறதுக்கு முன்னாடி நல்லாக் கரிக்கணும் இல்ல? கரிக்குதா?”

“கரிக்குது.”

“எவ்ளோ கரிக்குது?”

“இன்னாடி கேள்வி கேக்கற? நாக்கு என்னுதா, உன்னுதா?”

“உங்களுதுதான். யாரு இல்லன்னா?” லில்லி கையைக் கட்டிக்கொண்டாள். “ஆனா நீங்க என் மூஞ்சப் பாத்துச் சொல்லவே இல்ல. ரெண்டு வருஷமா நீங்க பொய் சொல்றப்ப எப்படி இருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. என்னப் பத்தி மாமாகிட்ட சொல்றப்பல்லாம் பாத்திருக்கேன்.”

“லில்லி!” என்று அதட்டினான் சார்லஸ்.

“சும்மா இருங்க. இருநூறு பேரு சாப்பாடு. இதுவும் கெட்டா நாளைக்கு, ‘அந்தக் கடக்கரைக்காரி உப்ப ரெண்டாந்தரம் கொட்டிட்டா’ன்னு என் தலையில வைப்பாங்க. வெக்க மாட்டீங்களா? சொல்லுங்கக்கா.”

தேவி அப்படித்தான் வைத்துவிடுவாள். அவளுக்கே அது தெரிந்தது. கெட்டுப்போனால் சுமத்துவதற்கு ஒரு தலை தயாராக எதிரிலேயே நின்றது. வெட்டின பாக்கெட் இரண்டும் கீழே கிடக்கின்றன, நாலு பேர் சாட்சி. ‘சரியா இருக்கு’ என்ற ஒரு சொல்லில் நின்றால் போதும். கோஷ்டி அவளிடமே இருக்கும். இந்த வாயாடியும் அடங்குவாள்.

“போதும் நிறுத்துங்க!” அருள்தாஸ் துண்டை உதறித் தோளில் போட்டார். அவருக்குக் கோபம் வருவது அபூர்வம். “ஒம்போது வருஷமா எத்தினி தேக்சா எறக்கியிருக்கோம். ஒரு நாள் அவ நாக்கு தப்பாச் சொல்லியிருக்கா? தேவி சரின்னா சரி. அதுக்கு மேல பேச்சில்ல. தம்பி, கூடையப் புடி.”

அவரும் சார்லஸும் அரிசிக் கூடையை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். ஊறிய சீரகச்சம்பா வெள்ளை வெளேரென்று இருந்தது. கூடையின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அருள்தாஸ் ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சரிபார்க்கவும் இல்லை. அவ்வளவு நம்பிக்கை.

கொல்லை வாசலில் வளையல் சத்தம் கேட்டது. கஸ்தூரி படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். கூடவே, காது குத்தி அழுத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அரிகரனும் வந்தான். “அக்கா, வாசனை தெரு வரைக்கும் வந்துடுச்சு!” என்று அங்கிருந்தே சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்க்கத் தேவியால் முடியவில்லை. இவனை நிற்கவைத்து நாலு பேர் கேட்பார்கள். யாரை வைத்துச் சமைக்கச் சொன்னாய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் தன் மாமியார் இருப்பார், மாமனார் இருப்பார், வெங்காயம் அரிகிற இந்தப் பெண்களும் இருப்பார்கள்.

கூடை தேக்சாவின் விளிம்பைத் தொட்டது.

“போடாதீங்க!”

அருள்தாஸின் மணிக்கட்டை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

“இன்னா தேவி? இப்பதான சரின்ன?”

“பொய் சொன்னன்.” தேவி பிடியை விடவில்லை. “எனக்கு ருசி தெரியலங்க. கொரோனா வந்துட்டுப் போனதுலேர்ந்து ஒண்ணும் தெரியல. உப்பும் தெரியாது, ஒரு எழவும் தெரியாது. மணியம்மா வாயிலதான் நான் ஓட்டிக்கிட்டு இருந்தன்.”

அருள்தாஸின் கையில் கூடை சரிந்தது. சார்லஸ் தாங்கிப் பிடித்தான். பலகையில் கத்திச் சத்தம் நின்றது. படியில் கஸ்தூரி அப்படியே நின்றுவிட்டாள்.

“நாலு வருஷமாவா?” என்றார் அருள்தாஸ். அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. “என்கிட்டகூடச் சொல்லலியா நீ?”

அவருக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. அதற்கு இப்போது நேரமில்லை. தேவி லில்லியின் பக்கம் திரும்பினாள்.

லில்லி வாய் பிளந்து நின்றிருந்தாள். முகத்தில் இரக்கம் இல்லை. ஏமாந்துபோனவளின் கோபம்தான் இருந்தது. இரண்டு வருடம் இந்த நாக்குக்குப் பயந்து ஒதுங்கி நின்றவள் அல்லவா?

“மணியம்மாவ நான்…” என்று ஆரம்பித்து லில்லி பாதியிலேயே நிறுத்தினாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, “இத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா இன்னாக்கா?” என்றாள்.

“உன்கிட்டயா? நீ என்ன வெச்சிருக்க மாட்ட.”

“வெச்சிருக்க மாட்டேன்தான். இப்ப மட்டும் வெச்சிருப்பேனா?”

“அத அப்பால பேசிக்கலாம். சண்டையும் அப்பால போடலாம், நான் எங்கயும் ஓடிட மாட்டன்.” தேவி தட்டிலிருந்து புது ஸ்பூனை எடுத்தாள். தேக்சாவில் மொண்டு, ஊதி ஆற்றி, ஓரகத்தியின் முன்னால் நீட்டினாள்.

“நீ ருசி பாத்துச் சொல்லு லில்லி. இன்னிக்கு மட்டும் இல்ல. இனிமே எப்பவும் எனக்கு நீதான் பாத்துச் சொல்லணும்.”